பூ மார்க்கெட்டுக்குப் போகும் முன் ஐடியல் டைப்பை எழுதிக்கொள்ளுங்கள்

சமூகவியல் ப்ராஜெக்டுக்கு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை எடுத்திருக்கிறீர்களா? ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1904-ல் விளக்கிய ஐடியல் டைப்பை (ஒன்றின் முக்கிய இயல்புகளை மட்டும் கூர்மையாக்கி மனதில் வரையும் மாதிரி) வைத்து முதலில் அரைப் பக்கம் எழுதுங்கள்: விலை மட்டுமே பேசும் சந்தை; வாங்குபவர் யாரோ, விற்பவர் யாரோ; முன்கடன் இல்லை, உறவுமுறை இல்லை. இப்படியே ஒரு சந்தை எங்கும் இருக்காது. இருக்கவும் வேண்டாம், அது அளவுகோல்தான்.

பிறகு விடியற்காலையில் கமிஷன் கடை ஓரமாக நின்று கவனியுங்கள். பக்கத்துக் கடையில் கிலோவுக்குக் கூடுதலாகக் கிடைத்தாலும், அட்வான்ஸ் வாங்கிய விவசாயி மல்லிகை மூட்டையை வழக்கமான கடையிலேயே இறக்குகிறாரா? இறக்கினால், அளவுகோலிலிருந்து அந்த விலகல் ஏன் என்று தோண்டுங்கள், அத்தியாயமே கிடைத்துவிடும்.

பலர் பத்துக் கடையைப் பார்த்துச் சராசரி எடுத்து அதையே ஐடியல் டைப் என்கிறார்கள். ஐடியல் டைப் சராசரி அல்ல; அப்படி எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.