சிங்கப்பூர்க் காரில் மலேசியச் சாலைப் பயணம்: டயர் முதல் முந்தும் தூரம் வரை

சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் வேக வரம்பு பெரும்பாலும் 70 முதல் 90 கிலோமீட்டர்தான். வழியெங்கும் விளக்கு உண்டு, பயணமும் சீக்கிரம் முடிந்துவிடும். மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 வரை போகலாம், அதுவும் மணிக்கணக்கில். உள்ளூர் ஓட்டத்தில் வெளியே தெரியாத டயர் கோளாறு அங்கேதான் காட்டிக்கொடுக்கும். பத்துமலைக்கோ மலாக்காவுக்கோ குடும்பத்தோடு கிளம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டயரைத்தான்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் வண்டி எடுக்கும் முன் அளக்கவும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முழுச் சுமைக்குத் தனி அளவு இருந்தால், ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறும் நாளில் அந்த அளவே சரி. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடேறும். நெடுந்தூர வேகத்தில் வெடிப்பது பெரும்பாலும் இதனால்தான். வழியில் சூடான டயரை அளந்துவிட்டு, அழுத்தம் கூடிவிட்டதென்று காற்றை இறக்காதீர்கள். சட்டப்படி டயர் மேற்பரப்பிலுள்ள வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரையான மழைக்காலத்தில் மலேசியக் கிழக்குக் கரைப் பக்கம் போவதென்றால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள டயரை மாற்றிவிடுவதே நல்லது. பல புதிய கார்களில் மாற்று டயருக்குப் பதிலாக ஒட்டுத் திரவம்தான் இருக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அது உதவாது.

சிங்கப்பூரை விட்டுப் புறப்படும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். மலேசியாவின் விஇபி (வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதி) அட்டை கண்ணாடியில் ஒட்டப்பட்டு, இயங்கும் நிலையில் இருக்கட்டும். 2025 ஜூலை 1 முதல் இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். மலேசியச் சாலைக் கட்டணங்களைச் செலுத்தும் டச் அன் கோ அட்டையில் 20 ரிங்கிட் நுழைவுச் சாலைக் கட்டணத்தோடு சுங்கத்துக்கும் சேர்த்துப் பணம் போடுங்கள். நுழையும்போது தட்டிய அட்டையையே வெளியேறும்போதும் தட்ட வேண்டும். அங்கே பெட்ரோல் போட்டால் ரான் 97 (பெட்ரோலின் ஆக்டேன் தரம்) தான். வெளிநாட்டு வண்டிகளுக்கு ரான் 95 விற்கக் கூடாது.

கோலாலம்பூர் போவதானால் துவாஸ் சோதனைச்சாவடி வசதி: ஜோகூர் பாரு நகர நெரிசலில் சிக்காமல் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். கோத்தா திங்கி, மெர்சிங் பக்கமென்றால் வுட்லண்ட்ஸ்.

நெடுஞ்சாலையில் 110இல் போகும் கார் ஒரு விநாடியில் 30 மீட்டர் கடந்துவிடும். முன் வண்டிக்குக் குறைந்தது மூன்று விநாடி இடைவெளி, மழையில் அதைப் போல் இரு மடங்கு. ஸ்டீயரிங் திடீரென லேசானால் டயர் தண்ணீர்மேல் மிதக்கிறது என்று பொருள். பிரேக்கை அழுத்தாமல், சக்கரத்தைத் திருப்பாமல், ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள். மழையில் ஓடிக்கொண்டே நான்கு விளக்குகளையும் சிமிட்டவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; நீங்கள் தடம் மாறுவது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.

உண்மையான ஆபத்து கூட்டரசுச் சாலைகளில் இருக்கிறது. மெர்சிங் வழியாகக் குவாந்தான் போகும் 3ஆம் எண் சாலையின் நீண்ட பகுதிகளில் திசைக்கு ஒரே தடம்தான். செம்பனை லாரிகள் 60இல் ஊர்ந்து போகும். 90இல் போய் அப்படி ஒரு லாரியை முந்த, முன்னும் பின்னும் இடைவெளி சேர்த்துக் கிட்டத்தட்ட எட்டு விநாடி ஆகும். அதற்குள் நீங்கள் 200 மீட்டர் போவீர்கள், எதிரே வருபவரும் 200 மீட்டர் நெருங்கிவிடுவார். எனவே 500 மீட்டர் வெறுமையாகத் தெரியாவிட்டால் முந்தாதீர்கள். இரட்டை வெள்ளைக்கோடு இருந்தால் முந்தும் பேச்சே கூடாது. மழைக்காலத்தில் தேங்கிய நீருக்கடியில் குழி இருக்கலாம், சாலையின் இடது விளிம்பும் உடைந்திருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே இந்தப் பகுதியைக் கடந்துவிடத் திட்டமிடுங்கள்.

நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் அவசரத் தடத்தின் இடது ஓரம்வரை ஒதுக்கி, எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். அந்தத் தடத்தில் மோட்டார்சைக்கிள்களும் வேகமாக வரும். 100 மீட்டருக்கு ஒன்றாக நடப்பட்டிருக்கும் கிலோமீட்டர் பலகையின் எண்ணையும், வடக்கா தெற்கா என்ற திசையையும் பார்த்துக்கொண்டு நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் உதவி எண் 1800 88 0000ஐ அழையுங்கள். உயிராபத்து என்றால் 999.