வெண்டைக்காய் அச்சில் ஒரு போஸ்ட் கார்டு

ஹாஸ்டலில் மூன்று வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்தவளுக்கு வெண்டைக்காய் ஆகவே ஆகாது. சாம்பாரில் மிதப்பதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தட்டில் போட்டுவிடுவாள். போன வருஷம் அவள் பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய போஸ்ட் கார்டு முழுக்க வெண்டைக்காயை வெட்டி அச்சாகக் குத்தின பூக்கள். பின்பக்கம் ஒரே வரி: "இதையும் என் தட்டுல தள்ளிடாதடி." கார்டு கிடைத்த அன்று ராத்திரியே போன் பண்ணிவிட்டாள்.

எனக்குப் படம் வரைய வராது. வீட்டில் கார்டு செய்ய அது தேவைப்படவும் இல்லை. முதலில் யாருக்கு என்று முடிவு செய்யுங்கள். பத்து கார்டு செய்து வைத்துவிட்டு அப்புறம் ஆள் தேடினால் கடையில் வாங்கின கார்டு மாதிரிதான் இருக்கும். உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒரு சங்கதியைப் பிடியுங்கள். சேர்ந்து போன பஸ்ஸின் டிக்கெட், தினமும் நின்ற டீக்கடைக்கு வழி காட்டும் கிறுக்கல் மேப், அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை, எதுவானாலும் சரி.

அட்டை

ஸ்டேஷனரி கடையில் 250 அல்லது 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டை எத்தனை கிராம் என்ற கணக்கு) அட்டை என்று கேளுங்கள். சார்ட் பேப்பர் வேண்டாம், வழியிலேயே மடங்கிவிடும். தபால் ஆபீஸ் கார்டின் அளவு 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். அதே அளவில் வெட்டினால் ஒரு ஏ4 அட்டையில் நாலு கார்டு வரும். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கட்டரால் லேசாக இரண்டு மூன்று தடவை இழுங்கள். ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் ஓரம் பிசிறு பிசிறாகிவிடும்.

காசு செலவழிக்க மனமில்லையா? வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளைப் பாருங்கள். அச்சில்லாத, வழவழப்பில்லாத பக்கம் இருந்தால் அதைவிட நல்ல அட்டை கிடையாது. அதுவும் இல்லையென்றால் தபால் ஆபீஸின் 50 பைசா கார்டையே வாங்கி, விலாசம் எழுதாத பக்கத்தில் அச்சடிக்கலாம். 1879-இல் கால் அணாவுக்கு வந்த கார்டின் வாரிசு அது. மெல்லிசு என்பதால் ஈரம் பட்டதும் சுருண்டுகொள்ளும், பெயின்ட்டை மட்டும் குறைத்துத் தொடுங்கள்.

அச்சு

கொஞ்சம் முற்றின வெண்டைக்காயாக எடுங்கள். பிஞ்சு நசுங்கிவிடும். காம்புப் பக்கம் ஒரு அங்குலம் விட்டுக் குறுக்கே ஒரே வெட்டு, கத்தி கூராக இருக்கட்டும். வெட்டின முகத்தைப் பழைய பேப்பரில் கவிழ்த்துப் பத்து நிமிஷம் விடுங்கள். இதைச் செய்யாமல் அவசரப்பட்டால் கொழகொழப்பில் பெயின்ட் ஒட்டாது, பூவுக்குப் பதில் வட்டமான கறைதான் விழும். முதல் நாலு கார்டை நான் அப்படித்தான் வீணடித்தேன்.

பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் புதுசாக ஒரு துண்டு வெட்டி, தண்ணீர் அதிகம் கலக்காத போஸ்டர் கலரை அதில் தடவுங்கள். காயை நேரே பெயின்ட்டில் முக்காமல் ஸ்பாஞ்சில் ஒத்தியெடுங்கள். முதல் அச்சு எப்போதும் திட்டாகத்தான் விழும், அதைப் பழைய பேப்பரில் கழித்துவிடுங்கள். இரண்டாவதிலிருந்து அறைகள் ஐந்தும் தனித்தனியாகத் தெரியும். அழுத்தாமல் நேராக வைத்து நேராகத் தூக்க வேண்டும். ஒரு தடவை தொட்டால் மூன்று பூ வரை வரும், மூன்றாவது வெளுத்திருக்கும். எனக்கு அந்த வெளுப்புதான் பிடிக்கும்.

நண்பரின் பெயர் எழுத்து வேண்டுமென்றால் பென்சில் அழிக்கிற பெரிய ரப்பர் போதும். பட்டர் பேப்பரில் எழுத்தைத் தடித்த பென்சிலால் வரைந்து, ரப்பர் மேல் கவிழ்த்து நகத்தால் தேயுங்கள். எழுத்து தானாகவே இடவலம் மாறி விழும், அச்சடிக்கும்போது நேராகிவிடும். எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதைக் கட்டரால் செதுக்கி எடுங்கள். ட மாதிரி நேர்கோட்டு எழுத்தில் ஆரம்பித்தால் கை பழகும். ப-வில் தொடங்குகிற பெயர்க்காரர்கள் பாக்கியசாலிகள்: இடவலம் மாறினாலும் ப, ப-தான். அ, இ பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

டிக்கெட்டோ போட்டோவோ ஒட்டுவதென்றால் குழைவான பசை அட்டையை வளைத்துவிடும். குச்சிப் பசை தேய்த்து, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வையுங்கள். பட்டன், சிப்பி, ஜிகினா எதுவும் வேண்டாம். முத்திரை குத்துகிறவர் ஓங்கித்தான் குத்துவார்.

பின்பக்கம்

சரிநடுவில், 7 செ.மீ.யில், மேலிருந்து கீழே ஒரு கோடு. இடப்பக்கம் உங்கள் பேச்சு, வலப்பக்கம் விலாசமும் தபால்தலையும் மட்டும். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் முழுவதும் விலாசத்துக்குத்தான், சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதுவார்கள். 1902-இல் பிரிட்டன் இந்தப் பக்கத்தை இரண்டாகப் பிரிக்க அனுமதித்த பிறகுதான் படத்துக்கு முழுப் பக்கமும் கிடைத்தது.

பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். நான் ஒரு ஐப்பசியில் ஆசையாக மைப்பேனாவில் எழுதி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது ஊர்ப் பெயரும் பின்கோடும்தான் மிச்சம், சேதி நீலக் குளமாகியிருந்தது. விலாசத்தின் மேல் செல்லோடேப் ஒட்டிவிட்டால் மழைக்கு இன்னும் பத்திரம். தபால்தலை மேல் மட்டும் டேப் படக்கூடாது. பின்கோடின் ஆறு எண்ணையும் தள்ளித் தள்ளி எழுதுங்கள். தமிழ்நாட்டுக்குள் என்றால் விலாசம் தமிழிலேயே இருக்கலாம், வெளிமாநிலத்துக்கு ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். யாரும் பிரிக்காமலே படிக்கிற கடிதம் இது என்பதால் ரகசியம் எதையும் இதில் எழுத வேண்டாம்.

தபால்தலைக்கு நான் 5 ரூபாய் ஒட்டுகிறேன், 20 கிராம் வரையிலான கடிதத்துக்கு உள்ள கட்டணம் அது. 300 ஜிஎஸ்எம்மில் இந்தக் கார்டு நாலு கிராம் கூட வராது. வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் கவுண்டரில் காட்டி எவ்வளவு என்று கேட்டு ஒட்டுங்கள்.

பெட்டியில் போடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். மழைக்காலத்தில் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய்ப் போட்டால் பெட்டிக்குள் நனைந்து கிடக்காது.