மூங்கிலில் மறைப்பு வேலி வளர்ப்பது எப்படி

பக்கத்து மாடியிலிருந்து பார்த்தால் தோட்டம் தெரியக் கூடாது என்பவர்களுக்கு மூங்கில் நல்ல தேர்வு. ஒரு மீட்டர் அகலமே உள்ள பாத்தியிலும் நான்கைந்து மீட்டர் உயரத்துக்குப் பச்சைத் திரை எழும்பிவிடும். ஆனால் வகை தவறினால் பிறகு எவ்வளவு உழைத்தாலும் சரிசெய்வது கடினம். நாற்றுப்பண்ணைக்குப் போகும் முன்பே வகையை முடிவு செய்துகொள்ளுங்கள்.

கொத்தா, ஓடுவதா?

மண்ணுக்குள் கிழங்கு போகும் போக்கை வைத்துத்தான் மூங்கிலைப் பிரிக்க வேண்டும். கொத்து மூங்கிலின் கிழங்கு குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கும். சிறிது தூரத்திலேயே மேல்நோக்கித் திரும்பிக் கழியாகிவிடும். அதனால் தூர் மெதுவாகத்தான் அகலும். ஓடும் மூங்கிலின் கிழங்கு கயிறு போல நீண்டு, ஒரே பருவத்தில் சில மீட்டர் தாண்டி, வேலிக்கு அப்பால் முளைக்கும். வீட்டு வேலிக்குக் கொத்து மூங்கில் மட்டுமே ஏற்றது.

பெயர்ப்பலகையை நம்பி வாங்க வேண்டாம், கழியைத் தொட்டுப் பாருங்கள். கணுவுக்கு மேலே ஒரு பக்கம் தட்டையாக, வாய்க்கால் போலப் பள்ளம் ஓடி, கணுவுக்கு இரண்டே கிளைகள் இருந்தால் அது ஃபில்லோஸ்டாக்கிஸ் இனம், ஓடும். கழி உருண்டையாக, ஒரு கணுவில் பல மெல்லிய கிளைகள் கொத்தாகக் கிளம்பினால் அது பெரும்பாலும் பாம்பூசா இனம்.

வெப்பமான, மிதமான இடங்களுக்கு பாம்பூசா மல்டிப்ளெக்ஸ் போல் வேலிக்குப் பொருந்தும் மூங்கில் குறைவு. அடியிலிருந்தே இலை விடுவதுதான் காரணம். பல மூங்கில்கள் மேலே குடை விரித்துக் கீழே வெறும் கழியாக நின்றுவிடும். அவை அழகுக்கு ஆகும், மறைப்புக்கு ஆகாது. மஞ்சள் கழியில் பச்சைக் கோடு ஓடும் அல்ஃபோன்ஸ் கார் இதே இனத்தின் ரகம்தான். உறைபனி கடுமையாக உள்ள இடங்களில் ஃபார்ஜீசியா இனத்தை நடுங்கள். அதற்குக் கடும் வெயில் ஒத்துக்கொள்ளாது. பதினைந்து மீட்டருக்கு மேல் வளரும் பெருமூங்கில்களும் முள் மூங்கிலும் வீட்டோரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

நடவு

மழைக்காலத் தொடக்கம் நல்ல நேரம். குளிர் நாடுகளில் உறைபனி நின்ற பிறகு நடலாம்.

முதலில் வடிகாலைச் சோதியுங்கள். ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால் அங்கே கிழங்கு அழுகும். அப்படிப்பட்ட இடத்தில் 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு நடுங்கள்.

தனித்தனிக் குழிகளைவிட நீளமான ஒரே அகழி நல்லது. 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம் போதும். தோண்டிய மண் மூன்று பங்குக்கு மக்கிய எரு ஒரு பங்கு கலந்து திரும்ப நிரப்புங்கள். பச்சைச் சாணம் போட்டால் வேர் வெந்துவிடும். சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி நடுங்கள். தூர் அகல இடம் வேண்டும், பின்பக்கம் ஆள் நின்று பழைய கழிகளை வெட்டவும் வழி வேண்டும். இந்த இடைவெளியை விடாதவர்கள் நான்காம் ஆண்டில் மிகவும் அவதிப்படுவார்கள். பூமிக்கடியில் குடிநீர், கழிவுநீர்க் குழாய் போகும் கோட்டின் மேலும் நடாதீர்கள்.

செடிக்குச் செடி ஒரு மீட்டர் இடைவெளி விட்டால் திரை சீக்கிரம் மூடும். ஒன்றரை மீட்டரும் போதும், ஓராண்டு கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். இரு முனையிலும் அரை மீட்டர் விட்டால் 10 மீட்டர் வேலிக்கு 10 செடிகள். பையில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். வேர் சுருண்டு பையை நிறைத்திருந்தால் பக்கவாட்டில் நான்கு இடங்களில் கத்தியால் கீறிவிடுங்கள்.

முதல் மூன்று ஆண்டுகள்

மூங்கில் புல் குடும்பம். குருத்து எந்தப் பருமனில் மண்ணைவிட்டு வருகிறதோ அதுவே அதன் கடைசிப் பருமன். இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரத்தை எட்டிவிடும். பிறகு அந்தக் கழி தடிக்கவும் செய்யாது, உயரவும் செய்யாது. அடுத்த பருவக் குருத்துதான் இதைவிடப் பெரிதாக வரும், அதுவும் கிழங்கில் சேமிப்பு இருந்தால். அந்தச் சேமிப்பைத் தருவது இன்றிருக்கும் மெல்லிய கழிகளின் இலை. எனவே முதல் இரண்டு ஆண்டு எதையும் வெட்டாதீர்கள். ஒல்லியாக இருக்கிறதே என்று கழித்துவிடுவதால்தான் பல வேலிகள் எழும்பாமலே போகின்றன. மூன்றாம் ஆண்டில் பாய்ச்சல் தெரியும்.

நட்ட முதல் இரண்டு மாதம் வெயில் நாட்களில் செடிக்கு 10 முதல் 15 லிட்டர் நீர், இரண்டு நாளுக்கு ஒருமுறை. பிறகு வாரம் இருமுறை. இலை நீளவாக்கில் சுருண்டு குழல் போலானால் தாகம். மாலையில் நீர் விட்டால் விரிந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் இலை மஞ்சளாகித் தொங்கினால் நீர் அதிகம். இலை நுனி மட்டும் கருகினால் பெரும்பாலும் உப்பு நீர் அல்லது அளவு மீறிய ரசாயன உரம்.

குருத்து வரும் பருவத்துக்குச் சற்று முன் செடிக்கு ஐந்து கிலோ மக்கிய எருவும், அதன் மேலே, தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி, 7 செ.மீ. கனத்துக்கு மூடாக்கும் (மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல்) போடுங்கள். உதிரும் இலைகளைப் பெருக்கி எறியாதீர்கள். மூங்கிலுக்குத் தேவையான சிலிக்கா அதில்தான் திரும்ப மண்ணுக்குப் போகிறது. புதுத் தளிருக்கு முன் இலை கொட்டுவது இயல்பு, பயப்பட வேண்டாம்.

கழிப்பு

நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை, புதுக் கழிகள் முற்றிய பிறகு, மூன்று வயதைத் தாண்டியவற்றில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுங்கள். இளங்கழி பளிச்சென்று, வெள்ளைப் பொடியும் பாளையும் (குருத்தை மூடியிருந்த உறை) ஒட்டியபடி இருக்கும். முதியது மங்கி, பாசிப் புள்ளி படிந்திருக்கும். தரைக்கு அருகில் கணுவுக்கு நேர் மேலே அறுக்க வேண்டும். இடைக்கணுவில் அறுத்தால் குழியில் நீர் தேங்கி அழுகும், கொசுவும் பெருகும்.

உயரத்தைக் குறைக்கவும் கணுவுக்கு மேலேயே வெட்டுங்கள். வெட்டிய கழி மீண்டும் உயராது, பக்கக் கிளைகள் அடர்ந்து மறைப்பு கூடும். அடிக்கிளைகளில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒருமுறை போனால் அந்த இடம் வெறுமையாகவே நிற்கும்.

இலையில் கரிப் பூசணம் படிந்தால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. அழுத்தமாக நீர் பீய்ச்சி, இலையின் அடிப்புறம் நனையும்படி சோப்புக் கரைசல் தெளித்தால் அடங்கும்.

ஏற்கெனவே ஓடும் மூங்கில் இருந்தால்

கிழங்குகள் பெரும்பாலும் மேல் 30 செ.மீ. மண்ணிலேயே ஓடும். 60 முதல் 75 செ.மீ. அகலமும் 1.5 மி.மீ. தடிமனும் உள்ள எச்.டி.பி.இ. (கெட்டியான பிளாஸ்டிக்) தாளை மூங்கிலைச் சுற்றி, மேல்விளிம்பு 5 செ.மீ. வெளியே தெரிய, மேற்பகுதி மூங்கிலைவிட்டு வெளிப்பக்கம் சாயும்படி புதையுங்கள். மோதும் கிழங்கு கீழே நுழையாமல் மேலே வரும். இரு முனையும் சேரும் இடத்தை உலோகப் பட்டை வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள், தப்பிப்பது பெரும்பாலும் அங்கேதான். ஆண்டுக்கு இருமுறை விளிம்பைச் சுற்றிப் பார்த்து, தாண்டும் கிழங்கை வெட்டிவிடுங்கள்.