ஜப்பானிய அச்சுப்படம் வாங்கப் போகிறீர்களா? முதலில் திருப்பிப் பாருங்கள்

ஜப்பானிய அச்சுப்படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் யாராக இருந்தாலும் படத்தைத்தான் பார்ப்பார்கள். மழையில் நனையும் பாலம், பனி மூடிய கோயில் வாசல், நிலா வெளிச்சத்தில் ஒற்றைப் படகு, அதில் சொக்கிப்போய் அடுத்த நிமிடமே விலை கேட்டுவிடுவார்கள். என் முதல் படத்தை நானும் அப்படித்தான் வாங்கினேன், இணைய ஏலத்தில், சட்டம் போட்டபடியே. வந்து சேர்ந்ததும் பின்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தால் தாள் முழுக்கப் பசை தடவி அட்டையோடு அட்டையாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். வானத்தில் ஒரு காலத்தில் நல்ல இளஞ்சிவப்பு இருந்திருக்கிறது. அது படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டைக்கு அடியில் மறைந்திருந்த அரை விரல் அகலத்தில் மட்டும் மிச்சம், மற்ற இடமெல்லாம் வெளிறிப்போன சாம்பல். அன்றிலிருந்து எனக்கு ஒரே பழக்கம்: முதலில் பின்பக்கம், அப்புறம் ஓரம், கடைசியில்தான் படம்.

நவீன ஜப்பானிய அச்சில் இரண்டு பெரிய மரபுகள் உண்டு. எந்தப் படத்தில் எதைச் சோதிக்க வேண்டும் என்பது இதைப் பொறுத்தே மாறும். ஒன்று ஷின் ஹங்கா, அதாவது புதிய அச்சு. ஓவியர் வரைவார், செதுக்குபவர் மரப்பாளத்தில் செதுக்குவார், அச்சிடுபவர் அச்சிடுவார், மூவரையும் வேலை வாங்கி முதல் போடுபவர் பதிப்பாளர். டோக்கியோவின் வதனபே ஷோசாபுரோதான் இதில் பெரிய பதிப்பாளர். கவாசே ஹசுய், இத்தோ ஷின்சுய் எல்லாம் அவரிடம் வேலை செய்தவர்கள். இன்னொன்று சோசாக்கு ஹங்கா, படைப்பு அச்சு. வரைவது, செதுக்குவது, அச்சிடுவது மூன்றையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 1904இல் யமமோத்தோ கனாயே ஒரு மீனவரை அப்படித் தன் கையாலேயே செதுக்கி அச்சிட்டதிலிருந்து இதன் கதையைத் தொடங்குவார்கள்.

ஷின் ஹங்கா வாங்கும் புதியவர்கள் முதலில் தடுமாறுவது எண் இல்லையே என்றுதான். பெரும்பாலான படங்களில் 23/100 மாதிரி, அதாவது நூறு பிரதியில் இருபத்து மூன்றாவது என்று, எதுவும் இருக்காது. அது குறையும் இல்லை. விற்க விற்க அச்சிட்டார்கள், பாளத்தைப் பத்திரமாக வைத்திருந்து பல ஆண்டுகள் கழித்தும் அச்சிட்டார்கள். வதனபேயின் கடை டோக்கியோவின் கின்சா பகுதியில் இன்றைக்கும் நடக்கிறது. ஆகவே ஹசுய் உயிரோடு இருந்தபோது அச்சான தாளும் அவர் 1957இல் இறந்து பல காலம் கழித்து அச்சான தாளும் ஒரே படமாகச் சந்தைக்கு வரும். இரண்டுமே அசல்தான், விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும். இதைப் பிரித்துச் சொல்வது ஓரத்தில் இருக்கும் பதிப்பாளர் முத்திரை. வதனபே காலத்துக்குக் காலம் முத்திரையின் வடிவத்தை மாற்றியிருக்கிறார். போருக்குப் பிறகு சுமார் 6 மி.மீ. அளவில் ஒரு சின்ன வட்ட முத்திரை வரும், அதற்கு முந்தைய காலத்துக்கு வேறு வடிவங்கள். முத்திரை அட்டவணைகள் எளிதாகக் கிடைக்கும், ஒன்றை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் தேதியும் இருக்கும், ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரும் அதன் ஆண்டுமாக. தைஷோ என்றால் ஆண்டோடு 1911ஐக் கூட்டுங்கள், ஷோவா என்றால் 1925ஐ. ஹசுயின் புகழ்பெற்ற ஷிபா சோஜோஜி கோயில் பனிக்காட்சி தைஷோ 14, அதாவது 1925. ஆனால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்தத் தேதி படம் உருவான ஆண்டைச் சொல்கிறது, உங்கள் கையில் இருக்கும் தாள் அச்சான ஆண்டை அல்ல. பாளத்தில் செதுக்கிய தேதி எத்தனை முறை அச்சிட்டாலும் அப்படியேதான் விழும். "1925இல் வெளியானது" என்று விற்பவர் எழுதியிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறார். இன்னொன்று: 1923 செப்டம்பர் 1 டோக்கியோ நிலநடுக்கத்தில் வதனபேயின் கடையும் பாளங்களும் இருப்பில் இருந்த படங்களும் எரிந்துபோயின. அதனால் அதற்கு முந்தைய தாள்கள் அரிது. மலிவாக ஒன்று வந்தால் மகிழ்ச்சியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நன்றாக விசாரியுங்கள்.

யோஷிதா ஹிரோஷி தனி ரகம். முதலில் வதனபேயிடம் இருந்துவிட்டு, பிறகு தானே ஆட்களை வைத்துச் செதுக்கவும் அச்சிடவும் தொடங்கினார். பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தவை என்பதற்கு அடையாளமாக ஓரத்தில் ஜிசுரி என்ற சின்ன முத்திரை இருக்கும். "தானே அச்சிட்டது" என்று பொருள். 1930-31இல் இந்தியாவையும் தென்கிழக்காசியாவையும் சுற்றிவிட்டுப் போய் அவர் செய்த வரிசையில் மதுரைக் கோயிலும் உண்டு என்பதால் நம்மவர்கள் தேடிப் போவது பெரும்பாலும் இவரைத்தான். ஜிசுரி இருக்கிறதா, பென்சில் கையெழுத்து நிஜப் பென்சில்தானா, இரண்டையும் பாருங்கள். அவர் 1950இல் இறந்த பிறகு குடும்பத்தார் அச்சிட்ட தாள்களில் ஜிசுரி இருக்காது, கையெழுத்தும் அச்சாகவோ முத்திரையாகவோ இருக்கும். விளக்குக்குப் பக்கவாட்டில் தாளைச் சாய்த்தால் நிஜப் பென்சில் கோடு லேசாகப் பளபளக்கும், தாளில் மெல்லிய பள்ளமும் தெரியும். அச்சான கையெழுத்து மந்தமாக, தட்டையாகக் கிடக்கும்.

சரி, தாள் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் எதிரெதிர் மூலைகளைப் பிடித்துத் திருப்புங்கள். கோசோ என்ற செடியின் பட்டை நாரில் செய்த தாள் இது, மையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே நிஜமான மர அச்சில் பின்பக்கத்திலும் படத்தின் நிழல் ஊறித் தெரியும். பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் கையால் தேய்த்த வட்ட வட்டமான தடமும் பல படங்களில் பின்னால் இருக்கும். அப்புறம் பூதக்கண்ணாடி. நிறம் ஒழுங்கான குட்டிப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது இயந்திர அச்சு, அங்கேயே மூடி வைத்துவிடலாம். மர அச்சில் நிறம் நாருக்குள் சமமாகப் பரவியிருக்கும். மேலே கருநீலத்தில் தொடங்கிக் கீழே வெளிறிப்போகும் வானத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம், பாளத்தின் மேல் கையால் துடைத்துத் துடைத்து வரவழைக்கிற பொகாஷி அது. பிறகு நான்கு ஓரமும் முழுதாக இருக்கின்றனவா, சட்டத்துக்காக யாராவது வெட்டியிருக்கிறார்களா, மவுண்ட் அட்டையின் அமிலம் பழுப்புக் கோடாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மங்கியதை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. லேசான மடிப்பு, மேல் ஓரத்தில் பின்னால் பழைய ஒட்டுத்துண்டு, இவற்றோடு வாழலாம்.

ஜப்பானிய விற்பனையாளரிடமோ ஏலத்திலோ வாங்கினால் சில சொற்கள் தெரிந்தே ஆக வேண்டும், மொழிபெயர்ப்புக் கருவி இவற்றைக் கண்டபடி குதறிவிடும். ஷோசுரி முதல் அச்சு, அதோசுரி பின்னாளில் அதே பாளத்தில் எடுத்தது, ஃபுக்கோகு புதிதாகப் பாளம் செதுக்கி எடுத்த மறுபதிப்பு. யாகே என்றால் வெளிச்சத்தில் பழுத்தது, ஷிமி என்றால் கறை, ஓரே மடிப்பு, உராவுச்சி என்றால் பின்னால் வேறு தாள் ஒட்டியிருக்கிறார்கள். மோக்குஹான் மர அச்சு. இன்சாட்சு என்று போட்டிருந்தால் அது இயந்திர அச்சு, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

சோசாக்கு ஹங்காவில் எண்ணும் பென்சில் கையெழுத்தும் சகஜம். ஏ.பி., இ.பி. என்றிருந்தால் ஓவியர் தனக்கென வைத்துக்கொண்ட பிரதி. எண் சின்னதாக இருந்தால் அச்சு நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள், அதை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், எண் போட்ட வரிசையும் அச்சிட்ட வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொடங்குபவருக்கு நான் சொல்வது சைத்தோ கியோஷி. 1951இல் சாவ் பாவ்லோ பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பரிசு வாங்கியவர், மரத்தின் ரேகையையே படத்தில் பேச வைப்பார், நிறைய அச்சிட்டதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி. முனகாத்தா ஷிக்கோ 1956 வெனிஸ் பினாலேயில் பரிசு பெற்ற மேதை, ஆனால் போலிகள் அவர் பெயரில் ஏராளம், முதல் படமாக வேண்டாம். ஒன்ச்சி கோஷிரோ தன் கையால் மிகச் சில பிரதிகளே எடுத்தார், அவர் 1955இல் இறந்த பிறகு மற்றவர்கள் அச்சிட்டவையும் சந்தையில் சுற்றுகின்றன. மர அச்சு மட்டும்தான் என்றில்லை, ஹமாகுச்சி யோசோவின் மெசோடின்ட் செர்ரிப் பழங்கள் செப்புத் தகட்டில் வந்தவை. அதில் பாரென் தடத்தைத் தேடாதீர்கள், தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளத்தைத் தேடுங்கள்.

வாங்குவதற்கு முன் நேரில் நிறையப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். டோக்கியோ போனால் கந்தா ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைகளில் சில அச்சுப்படமும் விற்கின்றன, தாளை எடுத்துக் காட்டச் சொல்லலாம். உயிரோடு இருக்கும் ஓவியர்களின் வேலை வேண்டுமென்றால் சி.டபிள்யூ.ஏ.ஜே. என்ற மகளிர் அமைப்பு 1956இல் தொடங்கிய அச்சுக் கண்காட்சி நல்ல இடம். தூரத்திலிருந்து வாங்குபவர்கள் மூன்று புகைப்படம் கேளுங்கள்: சட்டத்திலிருந்து கழற்றிய முழுத்தாள், பின்பக்கம், முத்திரையின் நெருக்கப் படம். கழற்ற முடியாது என்று பதில் வந்தால் ஒட்டிக் கிடக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். விட்டுவிடுவேன்.

வீட்டில் வெயில் படாத சுவர், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, அமிலமற்ற அட்டை, கண்ணாடி தாளைத் தொடாத இடைவெளி. சில மாதங்கள் மாட்டினால் சில மாதங்கள் கழற்றி இருட்டில் படுக்க வைத்து ஓய்வு கொடுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டியே இருக்கட்டும், அதற்கு ரொம்ப மேலே போனால் பூஞ்சை, வெள்ளிப்பூச்சி இரண்டும் வந்துவிடும். தாளை மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சின்ன ஜப்பானியக் காகிதத் துண்டுகளால், கோதுமை மாவுச்சத்துப் (ஸ்டார்ச்) பசை வைத்துத் தொங்கவிட வேண்டும், நாளைக்கு ஈரம் காட்டினால் கழன்று வரும். பசை காய்ச்சச் சோம்பலாக இருந்தால் நான்கு மூலைக்கும் அமிலமற்ற காகிதத்தில் முக்கோணம் மடித்து அதில் செருகி விடுங்கள். செலோடேப் மட்டும் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது.