தன்னார்வக் கணிப்புக்கு வீட்டுக் கணினியைத் தயார்செய்வது எப்படி?

நம் கணினி சும்மா இருக்கும் நேரத்தை அறிவியல் திட்டங்களின் கணக்குகளுக்குக் கொடுப்பதுதான் தன்னார்வக் கணிப்பு. கணினி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைவிட, கெடுவுக்குள் சரியான விடையை அனுப்புகிறதா என்பதுதான் இங்கே முக்கியம். பல திட்டங்கள் ஒரே டாஸ்க்கை (கணக்கின் ஒரு துண்டை) இரண்டு கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுகின்றன. ஒத்துப்போகாவிட்டால் அது மூன்றாவது கணினிக்குப் போகும். தப்பு உங்கள் கணினியுடையது என்றால் செலவழிந்த மின்சாரம் அத்தனையும் வீண். அதனால் மென்பொருளை இறக்கும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது.

படி 1: சூடும் ரேமும்

ஃபேன், ஹீட்சிங்க் இரண்டிலும் உள்ள தூசியை அகற்றுங்கள். ஓவர்க்ளாக் செய்திருந்தால், அதாவது தயாரிப்பாளர் வைத்ததைவிட வேகமாக ஓடவைத்திருந்தால், பழைய நிலைக்குத் திருப்புங்கள். ரேமின் எக்ஸ்எம்பி அமைப்பும் ஒருவகை ஓவர்க்ளாக்தான். கேம் விளையாடும்போது கண்ணில் படாத சிறு பிழை, நாள் முழுக்க ஓடும் கணக்கைக் கெடுத்துவிடும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்ப வேண்டாம்.

படி 2: நிறுவுதல்

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பாயிங்க் மென்பொருள் ஒன்றிலிருந்தே பல திட்டங்களில் சேரலாம். விண்டோஸில் நிறுவும்போது சர்வீஸாக (பின்னணியில் தானாக இயங்கும் நிரலாக) ஓடவைக்கும் தெரிவு வரும். அதை டிக் செய்யாதீர்கள். செய்தால் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) வேலை செய்யாது. கணினிக்குள் இன்னொரு மெய்நிகர்க் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் சேர்ந்த தொகுப்பு எல்லாருக்கும் தேவையில்லை. எல்எச்சி அட் ஹோம் போன்ற சில திட்டங்களின் சில டாஸ்க்குகளுக்கே அது வேண்டும்.

பழைய குறிப்புகளைப் பார்த்து, வேற்றுக்கிரக உயிர்களின் சமிக்ஞையைத் தேடிய செட்டி அட் ஹோமைத் தேட வேண்டாம். 2020 மார்ச் 31-உடன் அது புது டாஸ்க் அனுப்புவதை நிறுத்திவிட்டது. தொடங்குபவர்களுக்கு ஐன்ஸ்டைன் அட் ஹோம் வசதியானது: சிபியு, ஜிபியு இரண்டுக்கும் வேலை தருகிறது.

படி 3: சிபியு அமைப்பு

'வியூ' மெனுவில் 'அட்வான்ஸ்டு வியூ'வுக்கு மாறி, 'ஆப்ஷன்ஸ்' வழியாக 'கம்ப்யூட்டிங் பிரஃபரன்சஸ்' திறங்கள். அங்கே ஒன்றுபோலத் தெரியும் இரண்டு விகிதங்கள் இருக்கும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

முதலாவது, எத்தனை சிபியுக்கள் என்பது. இதில் கோர்கள் அல்ல, த்ரெட்களே (சிபியு ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைத் தடங்கள்) கணக்கு. 8 கோர், 16 த்ரெட் உள்ள கணினியில் 75% கொடுத்தால் 12 டாஸ்க்குகள் ஓடும். இரண்டாவது, சிபியு நேரம். இதை 100-லேயே விட்டுவிடுங்கள். 50% வைத்தால் கணக்கு பாதி வேகத்தில் சீராக ஓடாது. ஓடி நின்று, ஓடி நின்று போகும். வெப்பமும் அதோடு ஏறி இறங்கும், ஃபேன் ஓயாமல் சத்தம் மாறும். சூடு அதிகமானால் முதல் விகிதத்தைத்தான் குறைக்க வேண்டும். 75%-இல் தொடங்கி அரை மணி நேரம் கவனியுங்கள். வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டி நின்றால் 50%-க்கு இறக்குங்கள்.

பிரைம்கிரிட் போன்ற பகா எண் தேடலில் கதை வேறு. பெரிய எண்களுக்கான கணக்கு ஒவ்வொன்றும் பல எம்பி கேஷ் (சிபியுவுக்குள் இருக்கும் சிறிய, அதிவேக நினைவகம்) கேட்கும். எட்டு டாஸ்க்குகளை ஒன்றாக ஓட்டினால் கேஷ் போதாமல் எல்லாமே ரேமுக்காகக் காத்துக்கிடக்கும். அந்தத் திட்டத்தின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய், ஒரே டாஸ்க் பல த்ரெட்களில் ஓடுமாறு மாற்றுங்கள். ஒவ்வொன்றும் சீக்கிரம் முடியும். மொத்தமாகவும் பெரும்பாலும் லாபமே.

படி 4: ஜிபியு

டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். விண்டோஸ் தானாகப் போடும் டிரைவரில், கணக்குகளை ஜிபியுவில் ஓட்ட உதவும் ஓப்பன்சிஎல் இல்லாமல் போவதுண்டு. பாயிங்க்கைத் தொடங்கியதும் 'ஈவென்ட் லாக்'கின் முதல் சில வரிகளில் கார்டின் பெயர் வருகிறதா பாருங்கள்.

ஜிபியு டாஸ்க்குக்குத் தரவை ஊட்டவும் ஒரு சிபியு த்ரெட் வேண்டும். '0.9 சிபியு + 1 ஜிபியு' என்று காட்டும் டாஸ்க்குக்காக பாயிங்க் முழு த்ரெட்டை ஒதுக்குவதில்லை. எல்லாத் த்ரெட்களையும் நிரப்பி வைத்தால் கார்டு பாதி நேரம் சும்மா இருக்கும். ஒன்றையாவது காலியாக விடுங்கள். கார்டின் மின் வரம்பை 75% அளவுக்கு இறக்கினால் வேகம் கொஞ்சமே குறையும், சூடும் மின்செலவும் கண்கூடாகக் குறையும்.

படி 5: ரேமும் கையிருப்பும்

டாஸ்க்கின் நிலையில் 'வெயிட்டிங் ஃபார் மெமரி' என்று வந்தால் பாயிங்க்குக்கு அனுமதித்த ரேம் போதவில்லை என்று பொருள். புரத வடிவங்களை ஆராயும் ரொசெட்டா அட் ஹோமின் ஒரு டாஸ்க்கே 1 ஜிபிக்கு மேல் எடுக்கக்கூடும். 8 ஜிபி ரேமில் 12 டாஸ்க் நடக்காது. டாஸ்க்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே வழி.

கையிருப்பை, அதாவது முன்கூட்டியே இறக்கி வைக்கும் டாஸ்க்குகளை, அரை நாள் அளவுக்கு வையுங்கள். பத்து நாள் வேலையை இழுத்து வைத்தால் கெடு தாண்டும். தாண்டியது வேறொருவருக்குப் போய்விடும், உங்கள் உழைப்புக்குத் திட்டம் தரும் புள்ளியும் கிடைக்காமல் போகலாம்.

கணினி தானாக ஸ்லீப் நிலைக்குப் போவதை அணைக்க மறக்காதீர்கள். ஆன்டிவைரஸ் மென்பொருள் பாயிங்க்கின் தரவு ஃபோல்டரைத் துருவாதபடி விலக்கும் கொடுங்கள். டாஸ்க்குகள் காரணமின்றி அறுபட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

படி 6: மின்கணக்கு

சுவர் பிளக்கில் செருகும் வாட் மீட்டரில் அளந்து பாருங்கள். 150 வாட் இழுக்கும் கணினி 24 மணி நேரமும் ஓடினால் 30 நாளில் 108 கிலோவாட் மணி ஆகும். அது அதிகம் என்றால் 'டெய்லி ஷெட்யூல்ஸ்' பகுதியில் ஓட வேண்டிய நேரத்தைக் குறிப்பிடலாம். நேரத்தைக் குறைத்த பிறகு கையிருப்பு அளவையும் அதே விகிதத்தில் குறைத்துவிடுங்கள்.