ஐ.டி.ஐ. பணிமனையில் கிரைண்டர் கல் மாற்றும் முறை

பிட்டர் (உலோகப் பொருத்துநர்) பிரிவில் உளிக்கு முனை பிடிக்கவும் டிரில் பிட்டைக் கூராக்கவும் மாணவர்கள் தேடிப் போவது பெடஸ்டல் கிரைண்டரைத்தான், அதாவது தூண் மேல் மோட்டாரும் அதன் இரு முனைகளிலும் சாணைக் கல்லும் உள்ள இயந்திரத்தை. 200 மி.மீ. கல் நிமிடத்துக்கு 2,800 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் பாய்கிறது. உடைந்தால் துண்டு வருவது எதிரே நிற்பவர் முகத்துக்கு. கல் உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் விரிசல், தவறாக இறுக்கியது, அல்லது டூல் ரெஸ்டை (பொருளைச் சாய்த்துப் பிடிக்கும் தாங்கியை) கல்லிலிருந்து தள்ளி வைத்தது. மூன்றுமே கண்ணில் படக்கூடியவை. அதனால் சாணை பிடிக்கக் கற்றுத் தருவதற்கு முன்பே, கல் மாற்றுவதை மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மாட்டும் பொறுப்பு மட்டும் பயிற்றுநருடையது.

முதலில் மெயினை அணைத்து பியூஸ் கேரியரைக் கழற்றிப் பயிற்றுநர் தன் பையில் வைத்துக்கொள்ளட்டும். புதுக் கல்லின் காகித வில்லையில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம், மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அந்தக் கல் இந்த இயந்திரத்துக்கு ஆகாது.

அடுத்தது தட்டுச் சோதனை. கல் உலர்ந்தும் தூசியில்லாமலும் இருக்கட்டும். துளையில் விரலை நுழைத்துத் தொங்கவிட்டு, நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 45 டிகிரியில், விளிம்பிலிருந்து 2 முதல் 5 செ.மீ. உள்ளே, திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் மெல்லத் தட்டுங்கள். பிறகு கல்லை 45 டிகிரி திருப்பி மறுபடி தட்டுங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். ஓட்டைப் பானை போல மந்தமாக ஒலித்தால் விரிசல். அங்கேயே உடைத்துப் போட்டுவிடுங்கள். ஓரமாக எடுத்து வைத்தால் யாராவது ஒருநாள் அதை மாட்டிவிடுவார்கள்.

இயந்திரத்தின் முன்னால் நின்று பார்த்தால் வலப்பக்க நட்டு சாதாரண மரை, இடப்பக்கம் எதிர்மரை (இடஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது). ஓட்டத்திலேயே நட்டு இறுகுவதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மூன்று பேஸ் (மும்முனை மின்சார) கிரைண்டரில் வயரிங் வேலைக்குப் பிறகு இரண்டு பேஸ் இடம் மாறிப்போனால் கல் எதிர்ப்பக்கம் சுற்றும், நட்டு தளரும். அடையாளம் எளிது: பொறி கீழே விழாமல் மேலே பறக்கும்.

கல் ஸ்பிண்டிலில் (சுழலும் தண்டில்) தடையில்லாமல் நுழைய வேண்டும், தட்டி ஏற்றக் கூடாது. கல்லின் துளை பெரிதாக இருந்து புஷ் (இடைவளையம்) போட்டால் அது கல்லின் தடிப்பைவிட நீண்டிருக்கக் கூடாது. நீண்டால் பிளாஞ்ச் (கல்லை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தகடு) கல்லைப் பிடிக்காமல் புஷ்ஷைப் பிடிக்கும். இரு பிளாஞ்சும் ஒரே விட்டம், கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல். இரண்டு பக்கமும் காகித வில்லை கட்டாயம். அழுத்தத்தைப் பரப்புவது அதுதான். ஸ்பேனரில் பைப்பைச் செருகி இறுக்கினால் கல்லில் விரிசல் விழும். கல் நழுவாத அளவு இறுகினால் போதும்.

டூல் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி அதிகபட்சம் 3 மி.மீ., கல்லுக்கும் மேல் கார்டின் (காப்பு மூடியின்) நாக்குத் தகட்டுக்கும் 6 மி.மீ. இடைவெளி பெரிதானால் பொருள் உள்ளே இழுபட்டுச் சிக்கும், கல் உடையும். கல் தேயத் தேய இடைவெளி கூடிக்கொண்டே போகும். 3, 6 மி.மீ. தகட்டில் இரண்டு கேஜ்களை (அளவுத் தகடுகளை) மாணவர்களையே அரமிட்டுச் செய்யச் சொல்லி, சங்கிலியில் கட்டி இயந்திரத்திலேயே தொங்கவிடுங்கள். சரிசெய்வது கல் நின்ற பிறகுதான்.

கார்டை மூடி, பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள்.

மாணவர் கழுத்தில் அடையாள அட்டைக் கயிறு, துப்பட்டா, மணிக்கட்டில் கயிறு எதுவும் இருக்கக் கூடாது. துணிக் கையுறையும் வேண்டாம், கல் இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அலுமினியம், பித்தளை இந்தக் கல்லில் வேண்டாம். துளைகள் அடைபட்டுக் கல் சூடேறும். பக்கவாட்டு முகத்திலும் தேய்க்கக் கூடாது.

கடைசியாக ஸ்டார்ட்டர். கல் ஓடும்போது மெயினை அணைத்து, கல் நின்றதும் மறுபடி போடுங்கள். தானாகச் சுற்றினால், கரண்ட் போய் வரும் நேரத்தில் கல்லருகே கை வைத்திருக்கும் பையனின் விரல் போகும். நோ-வோல்ட் காயில் (கரண்ட் போனதும் இணைப்பை விடுவிக்கும் சுருள்) உள்ள ஸ்டார்ட்டரைப் பொருத்தும்வரை அந்த இயந்திரத்தைப் பூட்டி வையுங்கள்.