ஆர்ட் எஜுகேஷன் பப்ளிஷருக்கு ஆர்டிகிளும் புக் ப்ரொபோசலும் அனுப்புறது எப்படி

இங்க அமெரிக்காவுல ஸ்கூல்ல ஆர்ட் சொல்லிக்குடுக்கற நம்மாளுங்க இப்ப கொஞ்சம் பேர் இருக்காங்க. போன மாசம் மட்டும் மூணு பேர் போன் பண்ணி "அக்கா, க்ளாஸ்ல பண்ணினதை எழுதி அனுப்பணும், எங்க அனுப்பறது, எப்படி அனுப்பறது"ன்னு கேட்டாங்க, மூணு பேருக்கும் தனித்தனியா ஒரு மணி நேரம் சொல்லி தொண்டை கட்டிக்கிச்சு, அதான் ஒரே இடத்துல எழுதிப் போட்டுடறேன். நான் பெரிய எழுத்தாளர் எல்லாம் கிடையாது. எலிமென்டரி ஸ்கூல் ஆர்ட் டீச்சர். நாலஞ்சு ஆர்டிகிள் வந்திருக்கு, ஒரு புக் ப்ரொபோசல் திரும்பி வந்துச்சு, அடுத்ததை ஒத்துக்கிட்டாங்க, அவ்ளோதான் என் தகுதி.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. எழுதி அனுப்பறதுன்னா எழுத்துதான் வேலைன்னு நாம நெனைச்சுக்கறோம். இந்தத் துறைல பாதி வேலை படம், மிச்சத்துல பெரும்பங்கு பர்மிஷன் பேப்பர், அதுக்கப்புறம்தான் எழுத்து. ராத்திரி பகலா உக்காந்து இங்கிலீஷ திருத்தித் திருத்தி எழுதிட்டு, மங்கலா நாலு போட்டோவ கடைசி நிமிஷத்துல ஒட்டி அனுப்பறவங்கதான் அதிகம், நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

எங்க அனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் எழுதவே உக்காரணும், ஏன்னா இடத்துக்கு இடம் எழுத்தே மாறும். டீச்சருங்க டீச்சருங்களுக்காக எழுதற பத்திரிகை ஒரு வகை. மாசாசூசெட்ஸ்ல வூஸ்டர்ல இருக்கற டேவிஸ் பப்ளிகேஷன்ஸ் போடற ஸ்கூல் ஆர்ட்ஸ் அந்த வகை, 1901ல இருந்து வருது, அதே கம்பெனி ஸ்கூல் ஆர்ட் பாடப்புத்தகமும் போடறாங்க. அங்க ஒண்ணு ரெண்டு பக்கத்துல அடங்கற மாதிரி சின்னதா, நேரா க்ளாஸ்ல பண்ணக்கூடிய விஷயமா இருக்கணும். ரெண்டாவது வகை ஜர்னல். 1947ல ஆரம்பிச்ச நேஷனல் ஆர்ட் எஜுகேஷன் அசோசியேஷன் ரெண்டு ஜர்னல் நடத்துது. ஆர்ட் எஜுகேஷன்ங்கறது க்ளாஸ்ரூமுக்குக் கொஞ்சம் பக்கம், ஸ்டடீஸ் இன் ஆர்ட் எஜுகேஷன் முழுக்க ஆராய்ச்சி. இதுக்கெல்லாம் ஏபிஏ ஸ்டைல்ல (அமெரிக்க சைக்காலஜி சங்கம் வகுத்த முறைல) ரெஃபரன்ஸ் வேணும், உங்க பேரு தெரியாம வேற ஆளுங்க படிச்சு மார்க் போடுவாங்க, அதனால ஃபைலுக்குள்ள உங்க பேரு, ஸ்கூல் பேரு எதுவும் இருக்கக்கூடாது, வேர்டு ஃபைலோட ப்ராப்பர்ட்டீஸ்ல ஒளிஞ்சிருக்கற பேரையும் சேத்து எடுக்கணும், இத நிறைய பேர் மறந்துடறாங்க. மூணாவது, புக். டேவிஸ் மாதிரி கம்பெனி இல்லன்னா டீச்சர்ஸ் காலேஜ் பிரஸ் மாதிரி யூனிவர்சிட்டி பக்கம்.

அனுப்பப்போற பத்திரிகையோட கடைசி ஆறு இதழையாவது வாங்கியோ லைப்ரரிலயோ பாருங்க. ஒரு வருஷத்துக்கான தீம் லிஸ்ட் போட்டிருப்பாங்க, அதுக்கு ஏத்த மாதிரி அனுப்பினா சான்ஸ் ஜாஸ்தி. அச்சு பத்திரிகை மாசக்கணக்கா முன்னாடியே வேலை பாக்கும், டிசம்பர் இதழுக்கான விஷயத்தை அக்டோபர்ல அனுப்பினா அது அடுத்த டிசம்பருக்குத்தான். இன்னொண்ணு, வான்கோ சூரியகாந்தியும் ஜப்பான் ஆர்ட்டிஸ்ட் குசாமாவோட புள்ளியும் பண்ணாத எலிமென்டரி ஸ்கூலே இந்த நாட்டுல இல்லன்னு நெனைக்கிறேன், அதையே நீங்களும் அனுப்பினா எடிட்டர் கொட்டாவி விடுவாங்க. புதுசா ஒரு கோணம் இருந்தா மட்டும் அனுப்புங்க.

இப்ப எழுதற விஷயம். என் முதல் ஆர்டிகிள் கோலம் பத்தி. நம்ம ஊர் பெருமைன்னு முதல் ரெண்டு பக்கம் மார்கழி, வாசல், அரிசி மாவு, எறும்புக்கு சாப்பாடு, லட்சுமின்னு ஒரே வர்ணனை. அதைப் படிச்ச எடிட்டர் ரொம்ப மரியாதையா, இதெல்லாம் சரி, புள்ளைங்க என்ன பண்ணினாங்கன்னு காணோமேன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. கோபம் வந்துச்சு, ஆனா அவங்க கேட்டது நியாயம். திரும்ப எழுதினப்ப இப்படி ஆரம்பிச்சேன்: நாலாங்கிரேடு, ப்ளேகிரவுண்ட் தரை, சாக்பீஸ், 1ல ஆரம்பிச்சு 5 வரைக்கும் போய் திரும்ப 1க்கு வர்ற புள்ளி, கோடு புள்ளியத் தொடாம சுத்தி வரணும். பாதி பேருக்கு மூணாவது புள்ளியிலயே கோடு எங்க திரும்பறதுன்னு குழம்பிடுச்சு, கணக்குல சிம்மெட்ரின்னு படிச்சத யாரோ ஒரு புள்ள ஞாபகப்படுத்தினா, அப்புறம் மத்தியானம் மழை வந்து எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போச்சு, ரெண்டு பேர் அழுதாங்க, அப்பத்தான் எங்க ஊர்ல இது தினமும் அழியும், மறுநாள் காலைல புதுசா போடுவாங்கன்னு சொன்னேன். நான் ரெண்டு பக்கம் வர்ணிச்சத அந்த மழை ரெண்டு வரில சொல்லிடுச்சு. அதுதான் அச்சுல வந்துச்சு.

அதனால உங்க ஆர்டிகிள்ல கண்டிப்பா இருக்க வேண்டியது: என்ன கிரேடு, எத்தன க்ளாஸ், ஒரு க்ளாஸ் எத்தன நிமிஷம், என்னென்ன சாமான், எந்த இடத்துல சொதப்பிச்சு, நீங்க என்ன மாத்தினீங்க. சொதப்பினத மறைக்காதீங்க. படிக்கிற டீச்சருக்கு அந்த இடத்துலதான் உபயோகம், அவங்க க்ளாஸ்லயும் அதே இடத்துல சொதப்பும். அப்புறம் ஸ்டாண்டர்ட்ஸ், அதாவது புள்ளைங்க என்ன கத்துக்கணும்னு வகுத்து வெச்சிருக்கறது. 2014ல வந்த நேஷனல் கோர் ஆர்ட்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ்ல படைக்கிறது, காட்சிக்கு வைக்கிறது, பாத்துட்டு பேசறது, வாழ்க்கையோட இணைக்கிறதுன்னு நாலு பிரிவு, அதுக்குக் கீழ 11 ஆங்கர் ஸ்டாண்டர்ட். 11ஐயும் தூக்கி ஒட்டாதீங்க. உங்க பாடத்துல நெஜமாவே நடந்தது ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும், அத மட்டும் எழுதுங்க. வேற ஒரு பண்பாட்டோட கலைய எடுத்தா அந்த மக்களோட பேரு, ஊரு, யாரு பண்றாங்கன்னு தெளிவா போடுங்க, "இந்தியன் டிசைன்"னு மொட்டையா எழுதினா நமக்கே எவ்ளோ எரிச்சலா இருக்கும், அதே எரிச்சல்தான் இங்க அமெரிக்கப் பழங்குடியான நவஹோ மக்களோட நெசவப் பத்தி நாம மொட்டையா எழுதினா அவங்களுக்கும்.

படத்துக்கு வருவோம். அச்சுக்கு 300 டிபிஐ வேணும்னு எல்லா இடத்துலயும் போட்டிருப்பாங்க, அதுக்கு அர்த்தம் என்னன்னா 8 இன்ச் அகலத்துல படம் வரணும்னா 2400 பிக்சல் அகலம் இருக்கணும். இப்ப இருக்கற போன் கேமராவே 12 மெகாபிக்சல், 4000 பிக்சல் அகலம் வரும், தாராளமா போதும். பிரச்சனை போன்ல இல்ல, அனுப்பற விதத்துல இருக்கு. வாட்சப்ல உங்களுக்கே அனுப்பிக்கிட்டு அதை டவுன்லோடு பண்ணி அனுப்பினா படம் சுருங்கிப் போயிருக்கும். வேர்டு ஃபைலுக்குள்ள ஒட்டினாலும் அதே கதிதான். ஒவ்வொரு படமும் தனி ஜேபெக் ஃபைலா, ட்ரைவ் லிங்க்லயோ அவங்க குடுக்கற அப்லோடு பக்கத்துலயோ போடுங்க. ஃபைல் பேர்ல நம்பர் போட்டு, தனியா ஒரு பேப்பர்ல எந்த நம்பர் யாரோட படம், என்ன மீடியம் (வாட்டர்கலரா, க்ரேயானா)னு லிஸ்ட் வைங்க.

எடுக்கும்போது ஃப்ளாஷ் வேண்டாம், ட்யூப்லைட் வெளிச்சத்துல கலர் மாறித் தெரியும். ஜன்னல் பக்கத்துல, நேரா வெயில் விழாத இடத்துல படத்த செவுத்துல ஒட்டி கேமராவ அதுக்கு நேரா வெச்சு எடுங்க, மேல இருந்து குனிஞ்சு எடுத்தா படம் ஒரு பக்கம் குறுகி கோணலா வரும், உங்க தலை நிழலும் விழும். முடிஞ்ச படம் மட்டும் இல்லாம வேலை நடக்கும்போது கை, பிரஷ், பாதில இருக்கற பேப்பர்னு எடுத்து வைங்க, லேஅவுட் பண்றவங்களுக்கு அதுதான் ரொம்ப பிடிக்கும். ரொம்ப நல்லா வரையற நாலு புள்ளைங்க படத்த மட்டும் அனுப்பாதீங்க, விதவிதமா வந்திருக்குன்னு தெரியணும்.

அடுத்தது பர்மிஷன், இங்கதான் எல்லாரும் மாட்டறாங்க. புள்ள வரைஞ்ச படத்துக்கு காப்பிரைட் அந்தப் புள்ளைக்குத்தான், உங்களுக்கும் இல்ல, ஸ்கூலுக்கும் இல்ல. மைனர்ங்கறதால அப்பா அம்மா கையெழுத்து வேணும். வருஷ ஆரம்பத்துல ஸ்கூல் வாங்கற மீடியா ரிலீஸ் (போட்டோ, படம் போட்டுக்க வீட்டுல குடுக்கற சம்மதம்) இருக்கே, போதாதான்னு கேப்பீங்க. அது பெரும்பாலும் ஸ்கூல் தன் தேவைக்குப் போட்டுக்கறதுக்கு, வெளிய ஒரு கம்பெனி விக்கிற பத்திரிகைக்கு அது செல்லாம போகலாம். பப்ளிஷர் தன்னோட ஃபார்ம் வெச்சிருப்பாங்க, அதை டவுன்லோடு பண்ணி செப்டம்பர்லயே எல்லா வீட்டுக்கும் குடுத்து வாங்கிடுங்க. ஒரு வருஷம் நான் ஜூன்ல தேடிப்போனா, அந்த க்ளாஸ்லயே சூப்பரான படம் வரைஞ்ச பொண்ணோட குடும்பம் டெக்சாஸ் போயிட்டாங்க, நம்பரும் மாறிடுச்சு, கையெழுத்து கிடைக்கல, படத்த எடுத்துட்டேன். இன்னி வரைக்கும் வருத்தம்தான். முகம் தெரியற போட்டோவா இருந்தா அதுக்கும் சம்மதம் வாங்கணும்.

பெரிய ஓவியர் படம் போடணும்னா இன்னொரு கதை. ஜப்பான் ஓவியர் ஹொகுசாயோட பெரிய அலை வேணுமா, நியூயார்க்ல மெட் மியூசியம் 2017ல இருந்து பொதுச்சொத்தான, அதாவது காப்பிரைட் இல்லாத படங்கள ஃப்ரீயா விட்டிருக்கு, பெரிய சைஸ்லயே எடுத்துக்கலாம். சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட், ஸ்மித்சோனியன், வாஷிங்டன் நேஷனல் கேலரி எல்லாம் அதே மாதிரி. வான்கோ 1890லயே போயிட்டார், அவர் படத்துக்கு காப்பிரைட் கிடையாது, ஆனா எந்த மியூசியத்தோட போட்டோன்னு பாக்கணும், அதனால நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல இருக்கற நட்சத்திர ராத்திரிக்குப் பின்னாடி அலையறதுக்குப் பதிலா மெட்ல இருக்கற சைப்ரஸ் மரம் வெச்ச கோதுமை வயலைப் போட்டா தலைவலி மிச்சம். பிக்காசோ 1973ல தான் போனாரு, அவரோட பல படங்களுக்கு, ஓவியர்களோட காப்பிரைட்டப் பாத்துக்கற ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைட்ஸ் சொசைட்டி கிட்ட கேட்டு காசு கட்டணும். உயிரோட இருக்கற ஆர்ட்டிஸ்ட்னா அவங்களுக்கோ அவங்க கேலரிக்கோ மெயில் போட்டுப் பாருங்க, டீச்சருங்க பத்திரிகைன்னா சில பேர் சும்மாவே குடுத்துடுவாங்க. கூகுள்ல கிடைச்ச படம் வேண்டவே வேண்டாம்.

புக்குக்கு வரேன். ரெண்டு மூணு ஆர்டிகிள் வந்தப்புறம் போறது நல்லது, எடிட்டருக்கு உங்க பேரு கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கும். முழு புக்கையும் எழுதிட்டு அனுப்பாதீங்க, ப்ரொபோசல் போதும். அதுல புக் எதப் பத்தின்னு ஒரு பாரா, யாருக்குன்னு ஒரு பாரா, அத்தியாயம் ஒவ்வொண்ணுக்கும் நாலஞ்சு வரி, மாதிரி அத்தியாயம் ஒண்ணோ ரெண்டோ, மொத்தம் எத்தன வார்த்தை, எத்தன படம், எப்ப முடிப்பீங்க, நீங்க யாரு, சந்தைல இருக்கற மத்த புக்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம். என் முதல் ப்ரொபோசல் ஏன் திரும்பி வந்துச்சுன்னு இப்ப யோசிச்சா சிரிப்பா இருக்கு. யாருக்குங்கற இடத்துல டீச்சர், பெற்றோர், கலை ஆர்வலர் எல்லாருக்கும்னு எழுதியிருந்தேன். எல்லாருக்கும்னு எழுதினா கடைல எந்த ஷெல்ஃப்ல வைக்கறதுன்னு அவங்களுக்குத் தெரியாது. அதைவிட மோசம், இது மாதிரி புக்கே இல்லன்னு எழுதினது. அதைப் படிக்கிற எடிட்டருக்கு ரெண்டுதான் தோணும், இந்தம்மா தேடிப்பாக்கல, இல்லன்னா இதை யாரும் வாங்க மாட்டாங்க. ரெண்டாவது தடவை நாலு புக்க வாங்கி முழுசா படிச்சு, இவங்க ஹைஸ்கூலுக்கு எழுதியிருக்காங்க, இவங்க வீல் வெச்ச வண்டில சாமான் தள்ளிக்கிட்டு க்ளாஸ் க்ளாஸா போற டீச்சர யோசிக்கல, நான் அந்த டீச்சருக்கு எழுதறேன்னு போட்டேன். அதைத்தான் ஒத்துக்கிட்டாங்க.

மாதிரி அத்தியாயமா முன்னுரையை அனுப்பாதீங்க, நடுவுல இருந்து உங்களோட ஸ்ட்ராங்கான பாடத்த அனுப்புங்க. ஸ்கூல் பாடப்புத்தகம் எழுதறேன்னு தனியாளா போறதும் வேண்டாம், அதெல்லாம் கம்பெனியே டீம் வெச்சு, டெக்சாஸ், கலிஃபோர்னியா மாதிரி ஸ்டேட் அப்ரூவல மனசுல வெச்சுப் பண்றது. டீச்சர் கைல வெச்சுக்கற ரிசோர்ஸ் புக்தான் நமக்கு வழி.

ஜர்னலுக்கு ஒரே நேரத்துல ஒரு இடத்துக்கு மட்டும்தான் அனுப்பணும், புக் ப்ரொபோசல் ரெண்டு மூணு இடத்துக்கு அனுப்பலாம், ஆனா அனுப்பியிருக்கேன்னு லெட்டர்லயே சொல்லிடுங்க. அவங்க சொன்ன காலக்கெடு தாண்டினா ஒரு மெயில், மரியாதையா, ஒண்ணே ஒண்ணு. திருத்தி திரும்ப அனுப்புங்கன்னு பதில் வந்தா அது நல்ல சேதி, ரிஜெக்ட்னு நெனைச்சு அழுதுட்டு மூடி வெச்சுடாதீங்க, என் ஃப்ரெண்ட் ஒருத்தி அப்படித்தான் ஒரு வருஷம் மூடி வெச்சா.

காசு பத்தி ரெண்டு வரி. டீச்சர் பத்திரிகைல பெருசா எதிர்பாக்காதீங்க. புக் காண்ட்ராக்ட்ல ராயல்டி அட்டை விலைலயா இல்ல கம்பெனி கைக்கு வர்ற நெட் தொகைலயான்னு பாருங்க, ரெண்டுக்கும் நெறைய வித்தியாசம். படத்துக்கான பர்மிஷன் காச யாரு கட்டறதுன்னும் கேளுங்க, சில காண்ட்ராக்ட்ல அது எழுதினவங்க தலைல விழும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (உங்க ஸ்கூல நடத்தற நிர்வாகம்) ஹேண்ட்புக்க ஒரு தடவை பாத்துடுங்க, வேலை நேரத்துல வேலைக்காக உருவாக்கின பாடம் தங்களோடதுன்னு டிஸ்ட்ரிக்ட் சொல்ல இந்த ஊர் சட்டத்துல இடமிருக்கு.

கடைசியா ப்ரூஃப், அதாவது அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி தப்பு பாக்கற பக்கம் வரும், பிடிஎஃப்ல, ரெண்டு மூணு நாள்ல திருப்பிக் குடுன்னுவாங்க. உங்க வாக்கியத்த விட்டுட்டு முதல்ல புள்ளைங்க பேரப் பாருங்க, எந்தப் பேரு எந்தப் படத்துக்குக் கீழ இருக்குன்னும் பாருங்க. நான் ஒரு தடவ கமாவையும் புள்ளியையும் தேடிக்கிட்டிருந்து அத விட்டுட்டேன், ரெண்டு பசங்க பேரு மாறி வந்துடுச்சு. அதுல ஒருத்தனோட பாட்டி ஏற்கனவே பத்து காப்பி வாங்கி சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தாங்க.